கணினி விதிகளிற் பகுதியும் விகுதியும்

தமிழாசிரியன் கணினி பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பளிக்கலாம். நம் பழைய மாணவர் சிலர் தொழில்புரியும் அத் துறையில் வழங்கும் 'மேக்' என்னும் கருவியின் விதிகள், நன்னூற் பதவியலுக்கு உறவுடையன போலத் தோன்றுதலின் இக் கட்டுரை எழுந்தது.

மேக் 1976 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பாரால் ஆக்கப்பட்டது. எக் கோப்பிலிருந்து எக் கோப்பு எவ்வாறு பிறக்கும் என்று விதி எழுதிவைத்தால், மாற்றம் நேர்ந்தவற்றை மட்டும் அது மீள ஆக்கித்தரும். அசெம்பிளி மொழியில் எழுதிய கோப்பின் பெயர் 'எஸ்' என்னும் விகுதி பெறும். பொறிமொழியாக மாறியபின் 'ஓ' என்னும் விகுதி பெறும். விதியில் விழுக்காட்டுக் குறி பகுதிக்கு நிற்கும். பகுதி திரியாது நிற்க விகுதி மட்டும் திரிதலால், ஒரு விதியே நூறு கோப்புக்கும் அமையும்.

விகுதியிலும் நுட்பம் உண்டு. பெரிய 'எஸ்' எனின் கோப்பு முதலில் முன்செயலி வழியே செல்லும். சிறிய 'எஸ்' எனின் நேரே செல்லும். நெடுங்கணக்கில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு அறியாத நமக்கு இது புதுமை. ஆயினும் குறில் நெடிலாயிற் பொருள் வேறாதல் நாம் அறிந்ததன்றோ?

இனி இடர்ப்பாடு உட்கோப்புறைகளில் எழுகின்றது. 'இல. 20, கொழும்பு' என்று மட்டும் எழுதிய கடிதம் வெள்ளவத்தைக்கா, கொட்டாஞ்சேனைக்கா செல்லும்? கொழும்பு 6 என்றோ 13 என்றோ எழுதினாலும் தெருப்பெயரும் வேண்டும். லினக்ஸ் மூலநிரலில், எக்ஸ் 86 பகுதியில், 'ஹெட் 64' என்னும் ஒரே பெயருடைய அசெம்பிளிக் கோப்புகள் வெவ்வேறு கோப்புறைகளில் உள. விளைவு எங்கே வைக்கப்படவேண்டும் என்று கூறாது தொகுப்பானை ஏவினால், அது தான் நிற்கும் கோப்புறையிலேயே விளைவை வைக்கும். பின்வந்தது முன்னதை அழிக்கும். பின்னர், இணைக்கும் படியில் 'இப் பெயர் காணப்படவில்லை' என்னும் முறைப்பாடு எழும். மாணவனோ குற்றமற்ற மூலத்தைத் துருவிக்கொண்டிருப்பான்! ஆதலின் மூலத்தின் கோப்புறை வழியை விளைவின் பெயரிலும் பேணுதல் வேண்டும். அக் கோப்புறையை முன்னரே ஆக்கிவைத்தலும் வேண்டும். தொகுப்பான் அதனை ஆக்கித்தராது.

எல்லா உட்கோப்புறைக்கும் ஒரே செய்முறை பொருந்துமோ எனின், பொருந்தாது. கணினி விழித்தெழுங்கால் முதலில் இயங்கும் 16 பிற்று நிரலுக்கு வேறு கட்டளை வேண்டும். அதற்கெனத் தனிவிதி எழுதினால், அக் கோப்புக்குப் பொதுவிதியும் பொருந்தும், தனிவிதியும் பொருந்தும். எது வெல்லும்? கோப்புறையின் பெயரையும் வெளிப்படக் கூறும் விதியில், குறி நிரப்பவேண்டிய பகுதி குறுகும். 2010 இல் வெளிவந்த க்னூ மேக் 3.82 முதல், பகுதி குறுகிய விதியே கொள்ளப்படும். சிறப்புவிதி பொதுவிதியை விலக்கும் என்னும் நம் இலக்கண நெறியே இது. அதற்கு முந்திய பதிப்புகளில் முதலில் எழுதிய விதியே வெல்லும். ஆப்பிள் கணினிகளோடு நெடுங்காலம் வழங்கிவந்தது 3.81 ஆகும். அதனைக் கையாளுவோர் சிறப்புவிதியைப் பொதுவிதிக்கு முன்னே எழுதுக.