காட்டுப் பறவைகளின் மௌனம்

செய்யுளை மனப்பாடம் செய்து, கைகட்டி நின்று ஒப்புவித்தே பழகிய நமக்கு, கவிதையைக் கொண்டு போட்டியிடுவது வியப்பாகத் தோன்றும். சிகாகோ நகரில் கட்டட வேலை செய்துவந்த மார்க் ஸ்மித் என்னும் கவிஞர் இதனைத் தொடங்கினார். 1986 முதல் 'கிரீன் மில்' என்னும் இசை விடுதியில் நடந்துவரும் இதற்குப் 'பொயட்ரி ஸ்லாம்' என்று பெயர். கவிதை சொந்தமானதாக இருத்தல் வேண்டும், சில நிமிடங்களே கிடைக்கும், வேடம் கூடாது. மதிப்பெண் இடுவோர் அவையோரே! (ஆசிரியைகள் அல்லர் என்பதைத் தோழியர் கவனிக்க.)

ஜெர்மானியரும் 1997 முதல் தேசியப் போட்டி நடத்துகின்றனர். அங்கே ஒரு வேடிக்கையான வகையும் உண்டு. இன்றைய கவிஞர்கள் ஒருபுறம். கதே, ஷில்லர் போன்ற மறைந்த புலவர்களாக நடிகர்கள் மறுபுறம். சில வேளைகளில் மறைந்தவர்களே வென்றுவிடுவார்களாம்!

ஆயினும் முன்னோர் கவிதையை எடுத்து மாற்றிச் சொல்வது ஸ்லாமுக்கும் மூத்த வழக்கம். 1780 செப்டம்பர் 6 அன்று, இல்மெனாவ் ஊருக்கு அருகிலுள்ள கிக்கெல்ஹான் மலையில், ஒரு மரக்குடிலின் சுவரில் கதே எட்டே அடிகள் எழுதினார். மாலைக் காட்டின் அமைதியே அதன் பொருள். 1831-இல், தம் 82-ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாள், மீண்டும் மலையேறி வந்து அதைப் படித்துக் கண்ணீர் விட்டார். அடுத்த மார்ச்சில் மறைந்தார்.

இத்தகைய கவிதையில் பெர்டோல்ட் பிரெக்ட் கைவைத்தார். 1927-இல் வெளியான அவரது தொகுப்பில், ஒரு கிழவி உண்ண ரொட்டியின்றி இறக்கிறாள். கேள்வி கேட்டவர்கள் அடக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு கொடுமைக்குப் பின்னும் கதேயின் பறவைகள் திரும்பத் திரும்ப மௌனமாயிருக்கின்றன. இறுதியில் ஒரு கரடி வந்து அவற்றைத் தின்கிறது. அப்போதுதான் அவை வாய் திறக்கின்றன.

முதலில் எங்களுக்குக் கோபமே வந்தது. முதியவர் கண்ணீர் விட்ட கவிதையைக் கேலி செய்யலாமா? மீண்டும் உரக்கப் படித்தபோதுதான் கேலி கதேயின் மீதன்று, பேச வேண்டிய இடத்தில் பேசாதவர்கள் மீது என்று புரிந்தது. மூலத்தில் இனித்த அதே மௌனம் இங்கே நெஞ்சைக் குத்துகிறது. மனத்துக்குள் படித்தால் இது அவ்வளவாக உறைக்காது. வாய்விட்டே படிக்க வேண்டும்.

எங்களுள் ஒருத்தி மட்டும் இன்னும் ஒப்பவில்லை. "பாவம், பறவைகள் என்ன செய்யும்?" என்கிறாள்.