பலகை போன்ற இறுக்கம்: கொழுப்பு உறிஞ்சல் சிகிச்சைக்குப் பின் வீக்கத்தைப் புரிந்துகொள்வோம்

லைப்போசக்‌ஷன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சல் சிகிச்சையை முடித்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் இரண்டு மிகப் பொதுவானவை. முதல் வாரத்தில் வருவது, "கொழுப்பை எடுத்த பிறகும் வயிறு முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறதே, ஏன்?" என்பது. மூன்றாம் வாரத்தில் வருவது, "வயிறு பலகை போல இறுகிவிட்டது, உள்ளே ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டதா?" என்பது. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான்: உடல் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லை நாங்கள் எண்ணியே எழுதுகிறோம். இயல்பான வீக்கம் எது, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய வீக்கம் எது என்று நோயாளியும் குடும்பத்தாரும் பிரித்தறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளே நடப்பது என்ன?

இச்சிகிச்சையில் தோலின் மேல் தெரிவது சில மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு மூன்று துளைகள் மட்டுமே. அதனால், "சின்னக் காயம்தானே" என்ற எண்ணம் எழுவது இயற்கை. உண்மையில் அத்துளை வழியே செல்லும் மெல்லிய குழாய், தோலுக்கடியில் உள்ள கொழுப்புப் படலத்தில் முன்னும் பின்னுமாக இயங்கி, எண்ணற்ற நுண் சுரங்கங்களை உண்டாக்குகிறது. அச்சுரங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு காயம். வெளியே புள்ளியளவு தெரியும் காயம், உள்ளே இரு உள்ளங்கைகளை விரித்து வைத்த அளவுக்குப் பரந்திருக்கலாம். ஆறுவதற்கான காலத்தை உள்ளே இருக்கும் இப்பரப்பே தீர்மானிக்கிறது.

முனை மழுங்கிய குழாயைக் கொண்டு கொழுப்பை உறிஞ்சும் முறையை 1970களின் பிற்பகுதியில் பாரிஸில் வளர்த்தெடுத்தவர் ஈவ்-ஜெரார் இலூஸ். உப்பு நீருடன் லிடோகெயின் என்னும் மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் மிக நீர்த்த நிலையில் கலந்து, கொழுப்புப் படலத்தில் நிறையச் செலுத்தும் முறையை 1980களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் அறிமுகப்படுத்தினார். இதனால் இரத்த இழப்பு பெரிதும் குறைந்தது. செலுத்திய நீர் முழுவதும் உடனே வெளியேறிவிடுவதில்லை. ஒரு பகுதி துளைகள் வழியே கசிகிறது. எஞ்சியதை உடல் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. முதல் நாள்களில் எடை இயந்திரம் ஓரிரு கிலோ கூடுதலாகக் காட்டினால் அது கொழுப்பு அன்று, நீரே.

வீக்கத்திற்கு மேலும் இரு காரணங்கள் உண்டு. காயமுற்ற திசுவை நோக்கி உடலே நீரையும் வெள்ளணுக்களையும் அனுப்புகிறது. அந்நீரை வடித்துச் செல்ல வேண்டிய நிணநீர் நாளங்களும் குழாயின் இயக்கத்தால் சிதைந்திருப்பதால், அவை சீரடையச் சில வாரங்கள் ஆகின்றன. வரத்து மிகுந்து வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்குவதைப் போன்றது இது.

இறுக்கம் சற்றுப் பிந்தி வருகிறது. இரண்டாம் வாரம் முதல் சுரங்கங்களை மூடுவதற்காக உடல் கொலாஜன் என்னும் நார்ப்பொருளை நெய்யத் தொடங்குகிறது. புதிய நார்கள் தாறுமாறாகப் படிவதால் தோலடியில் கட்டிகள் போலவும் கயிறு போலவும் தட்டுப்படும், நிமிர்ந்தால் இழுக்கும். பின்னர் அந்நார்களை உடலே கரைத்தும் சீராக்கியும் மென்மையாக்குகிறது. அறுபட்ட நுண் நரம்புகள் மீளும்போது மரத்துப்போன தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் எரிச்சலும் தோன்றும். இவையும் குணமாவதன் அடையாளங்களே.

காலக் கணக்கு

முதல் இரண்டு நாள்களில் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பு நிற நீர் கசியும். படுக்கையில் நீர் புகாத விரிப்பும் பழந்துணியும் இட்டு வையுங்கள். முதல் வாரத்திற்குள் வீக்கம் உச்சத்தை எட்டும். கன்றிய நிறம் இரண்டு மூன்று வாரங்களில் மறையும். வயிற்றில் சிகிச்சை பெற்றவர்களுக்கு நீர் கீழ்நோக்கி இறங்குவதால் அடிவயிற்றிலும் பிறப்புறுப்பிலும், தொடையில் பெற்றவர்களுக்கு இரு கணுக்கால்களிலும் வீக்கம் தோன்றலாம். முன்கூட்டி அறியாதவர்களை இது மிகவும் அச்சுறுத்துகிறது.

வீக்கத்தின் பெரும்பகுதி நான்கு முதல் ஆறு வாரங்களில் வடியும். இறுக்கமும் கட்டித்தன்மையும் பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் இளகும். இறுதி வடிவத்தை மூன்று முதல் ஆறு மாதங்களுக்குப் பிறகே மதிப்பிட இயலும். இடையில் ஒரு நாள் குறைவதும் மறுநாள் கூடுவதும் இயல்பு. காலையில் குறைந்தும் மாலையில் மிகுந்தும் இருக்கும். நாள்தோறும் கண்ணாடி முன் நின்று வருந்துவதைவிட, வாரம் ஒருமுறை, காலையில், ஒரே இடத்தில் நாடாவால் அளந்து குறித்து வையுங்கள். ஆறு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் முன்னேற்றம் தெளிவாகத் தெரியும்.

அழுத்த ஆடை

உடலைப் பற்றிப் பிடிக்கும் அழுத்த ஆடை நீர் தேங்கும் இடத்தைக் குறைக்கிறது. தோல் அடித்தசையோடு ஒட்ட உதவுகிறது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் இரவும் பகலும், பின்னர் ஆறு வாரம் வரை பகலில் மட்டும் என்பது பொதுவான முறை. உங்கள் அறுவை மருத்துவர் கூறும் கால அளவே உங்களுக்கு உரியது.

அழுத்தம் கூடக்கூட நன்மையும் கூடும் என்பது தவறு. ஆடைக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். மூச்சு முட்டினாலோ, கால் விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, அது மிகை இறுக்கம். ஆடையில் மடிப்பு விழுந்தால் அவ்விடத்தில் தோலும் மடிந்து பள்ளம் பதியக்கூடும். ஆகவே உட்கார்ந்து எழுந்த பின் மடிப்பை நீவிவிடுங்கள். சேலை உடுத்தும் பெண்கள் உள்பாவாடை நாடாவை ஆடையின் மேல் இறுக்கிக் கட்டுவதால், இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளக்கோடு விழுவதைக் காண்கிறோம். ஆறு வாரங்களுக்கு நைட்டியோ தளர்வான சுடிதாரோ அணிவது நல்லது. ஆண்களும் பெல்ட்டையும் அரைஞாண் கயிற்றையும் தவிர்க்க வேண்டும்.

கோடை வெயிலில் வியர்வையால் வேர்க்குருவும் அரிப்பும் வரும். இரண்டு ஆடைகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்து அணியுங்கள். முதன்முறை ஆடையைக் கழற்றும்போது இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். அப்போது நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும். அருகில் ஒருவர் துணை நிற்க வேண்டும். குளியலறைக் கதவை உட்புறம் தாழிடக் கூடாது.

நடையும் உணவும்

அறுவை முடிந்த அன்றே, மருத்துவர் அனுமதித்தவுடன், வீட்டிற்குள் மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் கால்களின் இரத்தம் மேலேறுகிறது. "அசையாமல் படுத்திரு" என்னும் அன்பான அறிவுரை, காலில் இரத்தம் உறைய வழிவகுத்துவிடும். கடும் உடற்பயிற்சிக்கும் பளு தூக்குவதற்கும் மருத்துவர் சொல்லும் வரை காத்திருங்கள்.

நம் வீடுகளில் அறுவைக்குப் பின் பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், தயிர், தக்காளி ஆகியவற்றை விலக்கும் வழக்கம் உண்டு. காயம் ஆறப் புரதம் இன்றியமையாதது. இவற்றால் சீழ் பிடிப்பதில்லை. பருப்பு, முட்டை, மீன், பால், சுண்டல் ஆகியவற்றைத் தாராளமாக உண்ணலாம். சிறுநீரக நோய் முதலியவற்றுக்காக உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் தம் மருத்துவர் சொன்ன அளவைப் பின்பற்றட்டும். விலக்க வேண்டியவை ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவையே. உப்பு மிகுந்தால் உடலில் நீர் தங்கும். நீரைப் போக்கும் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குதல் ஆபத்து. புகைப்பிடித்தல் காயம் ஆறுவதைத் தடுக்கும்.

ஒத்தடமும் நீவுதலும்

மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. வெந்நீர்ப் பையை வைத்துக் கொப்புளத்துடன் வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பனிக்கட்டியை நேரடியாக வைப்பதும் அவ்வாறே தீங்கு செய்யும். உணர்ச்சி முழுமையாகத் திரும்பும் வரை இரண்டையும் தவிருங்கள்.

நிணநீரை வடிக்கும் மென்மையான நீவுதல் பலருக்கு இறுக்கத்தைத் தணிக்கிறது. மருத்துவர் அனுமதித்த பின், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். தோல் மட்டும் நகரும் அளவுக்கே கை அழுந்த வேண்டும். எண்ணெய் தேய்த்துக் கட்டிகளை அழுத்திப் பிசைந்தால் காயம் மீண்டும் புண்படும்.

எது இயல்பு அன்று?

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவை நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்ததன் அறிகுறிகளாகலாம். முதல் மூன்று நாள்களுக்குள் குழப்பமான பேச்சு, மயங்கிய நிலை, மார்பிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் கொழுப்புத் துளிகள் இரத்தத்தில் கலந்திருக்கலாம். முதல் நாளில் காதில் இரைச்சல், உதட்டைச் சுற்றி மரப்பு, நாவில் உலோகச் சுவை ஆகியவை மரப்பு மருந்தின் மிகுதியைக் காட்டலாம். வயிறு உப்பிக் கடுமையாக வலித்து வாந்தி வந்தால் குடலில் காயம் பட்டிருக்கலாம். இவை எதற்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றமுள்ள கசிவு, தோல் கருத்தல், கண்ணுக்குத் தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத கடும் வலி ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். தட்டினால் நீர் நிரம்பிய பை போல் அலையும் வீக்கத்தையும், சில வாரங்களுக்குப் பின் தோன்றும் சிவந்த கட்டியையும் தாமதமின்றிக் காட்டுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

எங்களிடம் வந்த ஒரு பெண்மணி, கெண்டைக்கால் வலியை நான்கு நாள்கள் வெளியே சொல்லாமல் பொறுத்திருந்தார். ஏன் என்று வினவினோம். "வேண்டாத வேலையை நீயாகத் தேடிக்கொண்டாய் என்று வீட்டில் சொல்வார்களோ என்று பயந்தேன்" என்றார். பரிசோதனையில் இரத்தக்கட்டி இருப்பது தெரிந்தது. உரிய மருந்தால் குணமடைந்தார். இன்னும் சில நாள்கள் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ண நாங்கள் விரும்பவில்லை.

இச்சிகிச்சையைச் செய்துகொண்டது சரியா தவறா என்னும் விவாதம் ஆறும் காயத்திற்கு உதவாது. நோயாளியின் இரு கால்களையும் நாள்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள், மாலையில் அவருடன் சற்று நடந்துவாருங்கள், "வலி எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். வலியை வீட்டில் அச்சமின்றிச் சொல்ல முடிந்தால், உரிய நேரத்தில் எங்களால் உதவ முடியும். ஐயம் சிறிதாயினும் எங்களை அழையுங்கள். வீணாக அழைத்ததாக நாங்கள் ஒருபோதும் கருதமாட்டோம்.