துடுப்பு இயந்திரத்தின் கணக்கும் உடலின் கணக்கும்

உடற்பயிற்சிக் கூடத்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு துடுப்பு இயந்திரங்களில் இரு மாணவர்கள் பயிற்சி செய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு திரைகளிலும் ஒரே எண் தெரிகிறது: 500 மீட்டருக்கு 2 நிமிடம் 15 விநாடி. முதல் மாணவர் அருகில் நிற்கும் நண்பருடன் பேசிக்கொண்டே துடுப்பு வலிக்கிறார். இரண்டாமவருக்கோ மூச்சு வாங்குகிறது. ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை.

இயந்திரத்தைக் கேட்டால், இருவரும் ஒரே வேகத்தில்தான் வேலை செய்கிறார்கள் என்று சொல்லும். அது பொய் அல்ல. ஆனால், அந்த வேலைக்காக இருவரின் உடலும் செய்த செலவு ஒன்றல்ல. வேலை எவ்வளவு என்பதை இயந்திரம் அளக்கும். செலவு எவ்வளவு என்பதை உடலிடம்தான் கேட்க வேண்டும். அதற்குப் படகோட்டப் பயிற்சியாளர்கள் முக்கியமாக இரண்டு அளவுகளைப் பார்க்கிறார்கள். ஒன்று இதயத்துடிப்பு; மற்றொன்று இரத்தத்தில் உள்ள லாக்டேட். இந்த வாரம் அவற்றை வாசிக்கக் கற்றுக்கொள்வோம்.

இயந்திரம் எதை அளக்கிறது?

ரோயிங் மெஷின் என்று நாம் சொல்வதைப் படகோட்ட வீரர்கள் ‘எர்கோமீட்டர்’ என்பார்கள். வேலையை அளக்கும் கருவி என்பது அதன் பொருள். பல நாட்டு அணிகள் பயன்படுத்தும் வகையை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள கான்செப்ட்2 நிறுவனம் 1981ஆம் ஆண்டு முதல் தயாரித்து வருகிறது.

கைப்பிடியை இழுத்தால், சங்கிலி ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் தகடுகள் காற்றைத் தள்ளுவதால் தடை உண்டாகும். ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையே சக்கரத்தின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைக் கொண்டு, காற்றுத் தடையின் அளவைக் கருவி கணக்கிடுகிறது. ஆகவே, பக்கத்தில் உள்ள பிடியை 10ஆம் எண்ணில் வைத்தால் கூடுதல் மதிப்பு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் உண்மையில் செலுத்திய திறனைத்தான் திரை காட்டும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். வேகத்தின் மும்மடிக்கு ஏற்பத் தேவையான திறன் கூடுகிறது. 500 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் கடக்கும் வேகத்துக்குச் சுமார் 104 வாட் தேவை. அதே தூரத்தை 2 நிமிடத்தில் கடக்கச் சுமார் 203 வாட் தேவை. நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க, திறனை ஏறக்குறைய இரு மடங்காக்க வேண்டியுள்ளது! ‘இன்னும் கொஞ்சம் வேகமாக’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உடலுக்கு அது ‘கொஞ்சம்’ அல்ல.

முதல் சாட்சி: இதயத்துடிப்பு

தசைகள் கூடுதலாக வேலை செய்யும்போது அவற்றுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். அதை இரத்தம் கொண்டுபோகிறது. எனவே, திறன் கூடக்கூட இதயத்துடிப்பும் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறுகிறது. நெஞ்சைச் சுற்றி அணியும் பட்டை, இதயத்தின் மின் சமிக்ஞையை உணர்ந்து திரைக்கு அனுப்பும்.

உங்களால் எட்டக்கூடிய உச்ச இதயத்துடிப்பு எவ்வளவு? ‘220இலிருந்து வயதைக் கழி’ என்ற விதியைக் கேட்டிருப்பீர்கள். 16 வயது மாணவருக்கு விடை 204. மற்றொரு விதி, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. அதன்படி விடை சுமார் 197. எது சரி? இரண்டுமே பலரை அளந்து கண்ட சராசரிகள். தனி ஒருவரின் உண்மையான உச்சம் அதைவிடப் பத்துத் துடிப்புக்கு மேல் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆகவே, விதி தந்த எண்ணை உங்கள் உடலின் எண்ணாக நம்பிவிட வேண்டாம்.

நம் ஊர் வெப்பமும் இந்தச் சாட்சியைக் குழப்பும். ரோயிங் மெஷினில் நீங்கள் நகர்வதில்லை. எனவே எதிர்க்காற்று வீசாது. மின்விசிறி இல்லாத அறையில் அரை மணி நேரம் ஒரே திறனில் வலித்தாலும் இதயத்துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். வியர்வையால் இரத்தத்தின் நீர் அளவு குறைகிறது. உடலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குச் செல்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் அளவு குறைவதால், இதயம் அடிக்கடி துடித்து அதை ஈடுகட்டுகிறது. தூக்கக் குறைவு, காய்ச்சல், தேர்வுப் பதற்றம் ஆகியவையும் துடிப்பை மாற்றும்.

இரண்டாம் சாட்சி: லாக்டேட்

சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1780இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் அது தசையிலும் கண்டறியப்பட்டது. தசை பற்றிய ஆய்வுகளுக்காக ஆர்ச்சிபால்ட் ஹில்லும் ஓட்டோ மேயர்ஹோஃபும் 1922ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தசைச் செல்லில் குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது. பைருவேட்டின் ஒரு பகுதி மைட்டோகாண்டிரியாவுக்குள் சென்று ஆக்சிஜனின் உதவியால் நிறைய ஆற்றலைத் தருகிறது. மற்றொரு பகுதி லாக்டேட்டாக மாறுகிறது. நீங்கள் ஓய்வாக இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதும் இது நடக்கிறது. ஓய்வில் ஒரு லிட்டர் இரத்தத்தில் சுமார் 1 மில்லிமோல் லாக்டேட் இருக்கும்.

நீண்ட காலம் லாக்டேட்டைக் கழிவு என்றும், தசை வலிக்குக் காரணம் என்றும் பலர் கருதினர். அது தவறு. ஒரு செல்லில் உண்டாகும் லாக்டேட்டை வேறு தசைச் செல்களும் இதயமும் எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் புரூக்ஸ் 1980களில் இக்கருத்தை வளர்த்தெடுத்தார். கடும் பயிற்சிக்கு மறுநாள் தசை வலிப்பதற்கும் லாக்டேட் காரணமல்ல. பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது பழைய அளவுக்குத் திரும்பிவிடும். தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமே அந்த வலியின் தொடக்கம்.

அப்படியானால் லாக்டேட்டை ஏன் அளக்க வேண்டும்? மழை பெய்யும்போது சாலையோரக் கால்வாயைப் பாருங்கள். சாதாரண மழையில் வரும் நீரும் வடியும் நீரும் சமமாக இருக்கும், மட்டம் ஏறாது. கனமழையில் வடியும் வேகத்தைவிட வரும் வேகம் கூடி, மட்டம் சட்டென்று உயரும். இரத்தத்தில் உள்ள லாக்டேட்டும் அப்படித்தான். குறைந்த திறனில் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் லாக்டேட் விரைவாகக் குவியும். இதயத்துடிப்பு நேர்கோட்டில் ஏற, லாக்டேட் வளைந்து மேலே பாய்கிறது. அந்த வளைவு எங்கே தொடங்குகிறது என்பதே பயிற்சியாளர் தேடும் செய்தி. 4 மில்லிமோலை எல்லையாகக் கொள்வது பழைய வழக்கம். ஆனால், இந்த எல்லையும் ஆளுக்கு ஆள் மாறும்.

படிப்படியாக ஒரு சோதனை

ஆஸ்திரேலியப் படகோட்ட வீரர்கள் செய்யும் ஒரு சோதனையில் 7 படிகள் உண்டு. ஒவ்வொரு படியும் 4 நிமிடம். படிக்குப் படி திறன் கூடும். கடைசிப் படியில் முழு வலிமையோடு வலிக்க வேண்டும். ஒவ்வொரு படியின் முடிவிலும் காது மடலிலிருந்தோ விரல் நுனியிலிருந்தோ ஒரு சிறு துளி இரத்தம் எடுத்து லாக்டேட்டை அளப்பார்கள். அதற்கு முன் தோலை நன்றாகத் துடைப்பார்கள். வியர்வையில் லாக்டேட் மிக அதிகம். ஒரு சிறு வியர்வைத் துளி கலந்தாலும் விடை பிழையாகிவிடும்.

ஒரு வீராங்கனை ஜனவரியிலும் மார்ச்சிலும் இச்சோதனையைச் செய்ததாக வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

150 வாட்: ஜனவரியில் துடிப்பு 154, லாக்டேட் 2.1. மார்ச்சில் துடிப்பு 146, லாக்டேட் 1.5.
175 வாட்: ஜனவரியில் துடிப்பு 168, லாக்டேட் 3.9. மார்ச்சில் துடிப்பு 160, லாக்டேட் 2.4.
200 வாட்: ஜனவரியில் துடிப்பு 182, லாக்டேட் 7.0. மார்ச்சில் துடிப்பு 175, லாக்டேட் 4.6.

175 வாட் என்பது 500 மீட்டருக்கு 2 நிமிடம் 6 விநாடி. இரு மாதங்களிலும் திரை அதே எண்ணைத்தான் காட்டியது. செலவு மட்டும் குறைந்திருக்கிறது. முன்னேற்றம் என்பதற்கு இதுவே சான்று.

நார்வே தரும் பாடம்

செலவைக் குறைப்பது எப்படி? ஒவ்வொரு நாளும் உயிரைக் கொடுத்து வலிக்க வேண்டுமா? 1970 முதல் 2001 வரை நார்வேயின் அனைத்துலகப் படகோட்ட வீரர்கள் செய்த பயிற்சியை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2004இல் வெளியானது. லாக்டேட் 2 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும் எளிய பயிற்சி மாதத்துக்கு 30 மணி நேரத்திலிருந்து 50 மணி நேரமாகக் கூடியிருந்தது. போட்டி வேகத்திலும் அதற்கு மேலும் செய்த கடும் பயிற்சி 23 மணி நேரத்திலிருந்து 7 மணி நேரமாகக் குறைந்திருந்தது. அதே காலத்தில், வீரர்கள் நிமிடத்துக்குப் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு சுமார் 12 விழுக்காடு உயர்ந்தது.

அறிவியல் மாணவராக இங்கே சற்று நில்லுங்கள். இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. மொத்தப் பயிற்சி நேரமும் கூடியிருந்தது. ஆயினும், கடும் பயிற்சியைக் குறைத்ததால் அவர்கள் பின்தங்கிவிடவில்லை என்பது தெளிவு. முதல் காட்சியில் வந்த இரண்டாம் மாணவர் தினமும் மூச்சு வாங்க வலிக்கிறார். அவர் களைப்பைச் சேர்க்கிறாரா, திறமையைச் சேர்க்கிறாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

எண்களும் ஏமாற்றும்

லாக்டேட் குறைந்தால் எப்போதும் முன்னேற்றம் என்று பொருளா? இல்லை. ஒருவர் சரியாகச் சாப்பிடாமல் பல நாள் கடுமையாகப் பயிற்சி செய்தால் தசையில் சேமித்த கிளைகோஜென் தீர்ந்துபோகும். மூலப்பொருள் இல்லாததால் லாக்டேட்டும் குறைவாகவே உண்டாகும். தாளில் பார்த்தால் முன்னேறியதுபோல் தோன்றும். உண்மையில் அவர் சோர்ந்து கிடப்பார். கடைசிப் படியில் முழு வலிமையோடு வலிக்கும்போது திறனும் சரிந்திருந்தால் குட்டு வெளிப்படும்.

அதனால்தான் மூன்றாவது சாட்சியாக வீரரையே கேட்பார்கள்: ‘எவ்வளவு கடினமாக இருந்தது?’ சுவீடனின் குன்னார் போர்க் இதற்காக 6 முதல் 20 வரையிலான ஓர் அளவுகோலை வகுத்தார். எண்ணைப் பத்தால் பெருக்கினால் இளம் வயதினரின் இதயத்துடிப்புக்கு ஓரளவு அருகில் வரும் என்பது அவர் எண்ணம். வேலை, துடிப்பு, இரத்தம், உணர்வு ஆகிய நான்கும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒன்று மட்டும் முரண்பட்டால் காரணத்தைத் தேட வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

இரத்தச் சோதனையைப் பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள் முயல வேண்டாம். இதயத்துடிப்பை அளக்க இரண்டு விரல்களும் ஒரு கடிகாரமும் போதும்.

1. காலையில் எழுந்ததும், படுக்கையிலேயே மணிக்கட்டில் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

2. ஒரே உயரமான படியில், ஒரே தாளத்தில் 3 நிமிடம் ஏறி இறங்குங்கள். முடித்து, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நாடியை எண்ணுங்கள்.

3. நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பேசக்கூடிய வேகத்தில் நடங்கள் அல்லது மெதுவாக ஓடுங்கள். பிறகு சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

மயக்கமோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால் உடனே நிறுத்தி ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே செய்யவும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. மேற்கண்ட படிச் சோதனையில் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை? நேரம், இடம், உணவு, அறை வெப்பம் ஆகியவற்றில் எதை மறந்தால் முடிவு கெடும்?

2. முதல் சோதனை மின்விசிறி உள்ள அறையில், இரண்டாவது சோதனை இல்லாத அறையில் நடந்தது. துடிப்பு கூடியிருந்தால் உடல் திறன் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

3. ஒரே வேகத்தில் வலித்த அந்த இரு மாணவர்களும் அடுத்த மாதம் மீண்டும் சந்திக்கிறார்கள். இரண்டாம் மாணவர் முன்னேறியிருப்பதை, திரையைப் பார்க்காமலேயே எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?