ஒத்துழைக்காத பியானோ

கேள்வி: நேரில் கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நீங்கள் ஏங்கும் கச்சேரி எது?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆபரா அரங்கில் கீத் ஜாரெட் வாசித்த பியானோ கச்சேரி. அங்கே அன்றைய ஆபரா முடிந்த பிறகுதான் மேடை கிடைத்தது. ஆரம்பிக்கவே இரவு 11.30 ஆகிவிட்டது. ஜாரெட்டுக்கோ முதுகுவலி, தூக்கமும் இல்லை. போதாக்குறைக்கு, அவர் கேட்ட பெரிய பியானோவுக்குப் பதில் ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன பியானோ மேடையில் நின்றது. மேல் ஸ்வரங்கள் தகரம் தட்டுவதுபோல் ஒலித்தன, கீழ் ஸ்வரங்களில் கனமே இல்லை, பெடலும் மக்கர். வாசிக்க மாட்டேன் என்று கிளம்பியவரை, கச்சேரியை ஏற்பாடு செய்திருந்த வேரா பிராண்டெஸ் என்ற பதின்வயதுப் பெண்தான் மன்றாடி இணங்க வைத்தார்.

முன்தயாரிப்பு ஏதும் கிடையாது, முழுக்க மனோதர்மம். பியானோவின் நடுப்பகுதி மட்டுமே சுமாராகப் பேசியதால் வலக்கை பெரும்பாலும் அங்கேயே சஞ்சரித்தது. அடியில் கனம் போதாத குறையை ஈடுகட்ட, இடக்கை ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தி வாசித்தது. அந்தச் சுழற்சிதான் ஆளைக் கிறங்கடிக்கிறது. நடுநடுவே ஜாரெட் தன்னை மறந்து முனகுவதும் பதிவில் கேட்கும்.

இசிஎம் நிறுவனம் அதை வெளியிட்டது. உலகில் மிக அதிகம் விற்ற தனிப் பியானோ இசைத்தட்டுகளில் அதுவும் ஒன்று. முதல் பகுதி 26 நிமிடம். வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.