கொள்ளுப் பாட்டியின் தோழி

ஆலங்குளம்

அன்புள்ள பேத்திக்கு,

ஐந்து வயதுக் குழந்தைக்கும் தொண்ணூறு வயதுக் கிழவிக்கும் நட்பு உண்டாவதற்கு முதல் காரணம், பகலில் வீட்டில் அவர்கள் இருவரும்தான் இருக்கிறார்கள் என்பதே. ராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே, ஆலங்குளத்தைச் சுற்றி விரிந்து கிடப்பது கரிசல் மண். மழையை நம்பிய மானாவாரி வெள்ளாமை. களையெடுப்போ பருத்தி எடுப்போ வந்துவிட்டால், குனிந்து நிமிர முடிந்தவர்கள் எல்லாரும் வெயிலுக்கு முன்னாலேயே காட்டுக்குப் போய்விடுவார்கள். வேலைக்கு இன்னும் ஆகாத பிள்ளைகளும், இனி ஆகாத முதியவர்களும் ஊரில் மிஞ்சுவார்கள். இந்தத் தலைமுறையில் காட்டு வேலை குறைந்திருக்கிறது; ஆனால் ராஜபாளையத்து நூற்பாலைகளின் ஷிப்டும், சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசு வேலையும் அப்பா அம்மாவை அதேபோல வெளியே கொண்டுபோய்விடுகின்றன. ஆலங்குளத்தில் 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தபோதும் திண்ணையில் இருந்த இருவர் அப்படியேதான் இருந்தார்கள்.

இரண்டாவது காரணம் அதிகாரம் சம்பந்தப்பட்டது. பிள்ளையைக் கண்டிப்பது, படிக்கவைப்பது, அடக்கிவைப்பது எல்லாம் பெற்றோர் வேலை. அதற்கு மேலுள்ள தலைமுறைக்கு அந்தப் பொறுப்பு இல்லாததால் கேலிக்கும் சலுகைக்கும் இடம் கிடைக்கிறது. பேரனைத் தாத்தா சீண்டுவதும், பேத்தியிடம் ‘என்னையே கட்டிக்கிறியா’ என்று கேட்டுச் சிரிப்பதும் தெற்கத்தி ஊர்களில் சாதாரணம். தாத்தா, பேரன் தலைமுறைகளுக்கு நடுவே உள்ள இந்தக் கேலி உரிமை உலகின் பல சமூகங்களில் இருப்பதை மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-ல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். கொள்ளுப் பாட்டி என்றால் சலுகை இன்னும் கூடும். அவளை வீட்டில் யாரும் எதற்கும் பொறுப்பாக்குவதில்லை, குழந்தையையும் அப்படித்தான்.

இருவருக்கும் பொதுவான வேலைகளும் உண்டு. பாட்டிக்குப் பல் போயிருக்கும். வெற்றிலையை இடித்துத் தரச் சின்ன உரலும் ஒரு கையும் தேவை. ஊசியில் நூல் கோக்கப் பார்வை தேவை. குழந்தைக்கோ காலடியில் உட்கார ஓரிடமும், பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கும் காதைத் தொட்டுப் பார்க்க அனுமதியும் வேண்டும். பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் மூன்றிலும் ஓட்டமோ பலமோ தேவையில்லை. எண்ணத் தெரிந்த பிள்ளை எண்பது வயதுக்காரியைத் தோற்கடிக்கலாம். உண்மையாகவே தோற்கடிக்க முடிவதால்தான் விளையாட்டு நாள்கணக்கில் நீடிக்கிறது. பெரியவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் குழந்தை அதை எளிதில் கண்டுபிடித்துவிடும்.

இந்த நட்பின் விளைச்சல் கதை. அதைத் தமிழில் முழுமையாகப் பதிந்தவர், இதே கரிசல் நிலத்தில் கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் (கி.ரா.). பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவர், ஊர்ப் பெரியவர்களின் பேச்சையே பாடமாகக் கேட்டு வளர்ந்தார். பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறக் கதைகளைத் தொகுக்கும் பணிக்கு அழைத்தது. ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ‘கோபல்ல கிராமம்’ 1976-ல் வந்தது. அதில் மங்கத்தாயாரு அம்மாள் என்றொரு பூட்டி, அதாவது கொள்ளுப் பாட்டி, வருகிறாள், வயது 137. கோட்டையார் என்ற குடும்பத்தின் வீட்டில் தன் பிள்ளைகளின் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு நடுவே இருந்துகொண்டு, தெலுங்கு நாட்டிலிருந்து தங்கள் முன்னோர் ஏன், எப்படித் தப்பி வந்தார்கள் என்பதைச் சொல்கிறாள். துரத்தி வருபவர்களுக்கு அஞ்சி ஓடுகிறது ஒரு குடும்பம், வழியில் ஆறு, கரையில் நின்ற மரம் வளைந்துகொடுத்து அக்கரை சேர்க்கிறது. ராஜபாளையத்து ராஜுக்கள் உட்பட, இந்த வட்டாரத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகளில் வழிநடைக் கதைகள் வாய்வழியாகவே வந்திருக்கின்றன. கல்வெட்டிலும் அரசாங்கக் கணக்கிலும் ஏறாத சாதாரணக் குடும்பத்தின் இடப்பெயர்ச்சிக்குப் பூட்டியின் வாய்தான் ஆவணம். 137 என்பது நாவலாசிரியர் தந்த வயது. ஆனால் நான்கு தலைமுறை ஒரே முற்றத்தில் உட்கார்ந்திருப்பது ஊரில் கண்ணால் காணக்கூடியது. கி.ரா. எழுதிய ‘பிஞ்சுகள்’ என்ற சிறு நாவலையும் இந்த வரிசையில் படிக்கலாம்: பறவை முட்டைகளைத் தேடிச் சேகரிக்கும் ஒரு சிறுவன், பள்ளிக்கூடத்துக்கு வெளியே, ஊர்க்காரர்களிடமிருந்து காட்டையும் பறவையையும் கற்றுக்கொள்ளும் கதை அது.

மிக முதியவரின் கதை ஏன் எப்போதும் அவருடைய சின்ன வயதையே சுற்றுகிறது என்பதற்கு நினைவாற்றல் ஆய்வில் விடை இருக்கிறது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலத்து நினைவுகளே அதிகமாகவும் தெளிவாகவும் வருகின்றன. மறதி நோய் தொடங்கியவர்களிடமும் முதலில் போவது நேற்றைய நினைவு. இளமைக்காலத்து நினைவு அதைவிட நீண்ட காலம் தங்கும். காலையில் சாப்பிட்டாரா என்று சொல்லத் தெரியாத பாட்டி, பத்து வயதில் கண்மாயில் விழுந்ததை நேற்று நடந்ததுபோலச் சொல்வது இதனால்தான். பெரியவர்கள் ‘இதை நூறு தடவை சொல்லியாச்சு’ என்று எழுந்துபோவார்கள். குழந்தை போகாது, கேட்ட கதையையே திரும்பக் கேட்பதில் அதற்குத் தனி ருசி உண்டு. ஒரு சொல் மாறினாலும் திருத்தும். திரும்பச் சொல்வதற்கு இவ்வளவு பொருத்தமான காது பாட்டிக்கு வீட்டில் வேறு கிடைக்காது.

குழந்தைக்கும் இதில் வரவு இருக்கிறது. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள்: உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் என்பது போன்றவை. விடை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. கதை தெரிந்ததால் தன்னம்பிக்கை வந்தது என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. கதை சொல்ல நேரம் ஒதுக்கும் வீடு பிள்ளைகளிடம் வேறு பல வகையிலும் அக்கறை காட்டும் வீடாக இருக்கலாம்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. ‘எந்த வருஷம் பிறந்தீங்க’ என்ற கேள்வி தொண்ணூறைத் தாண்டிய பலரிடம் எடுபடாது. பிறந்ததை அன்று யாரும் எழுதிவைக்கவில்லை. நடந்த சம்பவத்தை வைத்துக் கேட்டால் வயது தானாக வெளிவரும். சுதந்திரம் வந்த 1947-ல் பாட்டி பாவாடை கட்டிய பிள்ளையா, தாலி கட்டியவளா? தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 டிசம்பர் புயலின்போது கையில் எத்தனை பிள்ளைகள்? சிமெண்ட் ஆலை வந்தபோது மூத்த மகன் என்ன வகுப்பு? ஊருக்குக் கரண்டு வந்தது கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர்களும் வயது தெரியாதவர்களிடம் இதே உத்தியைத்தான் கையாளுகிறார்கள். சாமான்களும் வாயைத் திறக்கவைக்கும். பரணில் கிடக்கும் குதிரைவாலி திரித்த திருகையையோ, பழைய வெண்கலச் செம்பையோ கொண்டுவந்து முன்னால் வைத்தால், எந்தக் கேள்வியும் எழுப்பாத நினைவு அதிலிருந்து கிளம்பும்.

உடம்பின் மாற்றத்தையும் அறிந்திருக்க வேண்டும். வயதானால் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. குழந்தையின் குரலோ கீச்சுக்குரல். ஆகவே கத்துவதால் பயனில்லை. முகத்துக்கு நேரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசினால் விளங்கும். உதட்டசைவு தெரிய வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழ வேண்டும். முதியவரின் தோல் மெல்லிதாகி இருப்பதால் விளையாட்டாகக் கையைப் பிடித்து இழுத்தாலே கன்றிப்போகும். பதில் வரத் தாமதமானால் அடுத்த கேள்வியைப் போடாமல் காத்திருக்க வேண்டும். இது பிள்ளைகளுக்கு மிகக் கடினமான பாடம்.

பெரியவர் சொல்வது எல்லாம் ஏற்கத்தக்கதாக இருக்காது. யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யாருக்குத் தனிக் குவளை என்ற பழைய காலத்துச் சாதி வழக்கங்களும் அதே அன்பான வாயிலிருந்து வரும். குழந்தை ‘ஏன் அப்படி’ என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நடந்ததைத் தெரிந்துகொள்வதும் அது சரி என்று ஒப்புவதும் ஒன்றல்ல. வீட்டில் வேறு யாரிடமும் சொல்லாத பதிலைச் சில கிழவிகள் பேத்தியின் இந்தக் கேள்விக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கற்பிப்பது எதிர்த்திசையிலும் நடக்கும். கேரளத்து ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018-ல் தம் 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். வீட்டில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் கொள்ளுப்பேரப் பிள்ளைகளும் உண்டு. மறுபுறத்தில், பேரப்பிள்ளையே பக்கத்தில் இல்லாத முதியவர்கள் பெருகிவருகிறார்கள். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021 மதிப்பீட்டின்படி 13.6 விழுக்காடு, பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த நிலை இது. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத முதியவர்களுக்காக, உறவில்லாதவர்களை ஒரே கூரையின்கீழ் சேர்க்கும் முயற்சிகள் இருக்கின்றன. டோக்கியோவில் கோத்தோயென் என்ற முதியோர் இல்லம் குழந்தைகள் காப்பகத்தையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. தமிழக அரசின் சமூக நலத்துறை, தொண்டு நிறுவனங்கள் வழியாக நடத்தும் ஒருங்கிணைந்த இல்லங்களில் ஆதரவற்ற முதியவர் 25 பேரும் ஆதரவற்ற குழந்தைகள் 25 பேரும் சேர்ந்து வாழும்படி திட்டம் வகுத்தது. இரு இல்லங்களைப் பக்கம் பக்கமாகக் கட்டுவது மட்டும் போதாது. கணக்கு சொல்லித்தருவது, செடி வளர்ப்பது, தாயம் ஆடுவது என்று தினமும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால்தான் பழக்கம் நட்பாகும்.

இந்த நட்பில் ஒருவர் முந்திப் போவது நிச்சயம். அதைக் குழந்தையிடம் மறைக்கக் கூடாது. பாட்டி ‘ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்றோ ‘தூங்குகிறாள்’ என்றோ சொன்னால், குழந்தை வாசலையே பார்த்துக் காத்திருக்கும், அல்லது தானும் தூங்கப் பயப்படும். இறந்துவிட்டாள், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வரமாட்டாள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நிறைய வாழ்ந்து முடித்தவரின் இறப்பைக் கல்யாணச் சாவு என்று சொல்லும் ஊர்களில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். அங்கே குழந்தைக்கு விடைகொடுக்க ஓர் இடமும் வேலையும் கிடைக்கின்றன. சில வாரம் கழித்துக் குழந்தை அதே கேள்வியை மறுபடி கேட்கும். முதலில் சொன்ன அதே சொற்களில், அதே பொறுமையோடு பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
தாத்தா