சுவருக்குள் அடங்காத சீனா

சீனா என்றதும் நம் நினைவுக்கு வருவது பெருஞ்சுவர்தான். நிலவிலிருந்து பார்த்தாலும் அது தெரியும் என்று பலரும் நம்புகிறோம். தெரியாது. பல இடங்களில் அதன் அகலம் ஐந்தாறு மீட்டர்தான். நிறமோ சுற்றியுள்ள மலைமண்ணின் நிறம். 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றி வந்தபோதே சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நிலவோ அந்தச் சுற்றுப்பாதையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் தொலைவில் இருக்கிறது.

சின் ஷி ஹுவாங் என்ற ஒரே பேரரசர் கட்டிய சுவர் என்பதும் தவறு. கி.மு. 221-ல் நாட்டை ஒன்றாக்கிய அவர், பழைய அரசுகள் எழுப்பியிருந்த சுவர்களை இணைத்து நீட்டினார். அவை பெரும்பாலும் இடித்து இறுக்கிய மண்ணால் ஆனவை. இன்று பெய்ஜிங் அருகே பயணிகள் ஏறி நிற்கும் செங்கல் சுவர், 1,500 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மிங் வம்சத்தார் எழுப்பியது. அதன் சாந்தில் மனித எலும்பை அரைத்துச் சேர்த்தார்கள் என்றொரு கதை உண்டு. கலந்தது எலும்பு அல்ல, ஒட்டரிசிக் கஞ்சி! சுண்ணாம்போடு அந்தப் பசை சேர்ந்ததும் சாந்து நெருக்கமாக இறுகியது. ஆனால் சுவர் வேலையில் ஏராளமான எளிய மக்கள் மாண்டார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை. அவர்களை நினைக்க எலும்புக் கதை தேவையில்லை.

சரி, சுவர் நாட்டைக் காத்ததா? 1644-ல் உள்நாட்டுக் கிளர்ச்சிப் படை பெய்ஜிங்கைப் பிடித்தது. கடைசி மிங் பேரரசர் அரண்மனைக்குப் பின்னாலிருந்த குன்றில் தூக்கிட்டுக்கொண்டார். கிளர்ச்சியாளர்களை ஒடுக்க, எல்லைத் தளபதி வு சான்குய் சுவரின் ஷான்ஹைகுவான் கோட்டைவாசலை மஞ்சூரியர்களுக்குத் திறந்துவிட்டார். வந்தவர்கள் சிங் வம்சமாக 1912 வரை ஆண்டார்கள். முன்தலையை மழித்துப் பின்னால் நீளச் சடை விடுவதைச் சீனரின் தொன்மையான வழக்கம் என்று நினைக்கிறோம். அது மஞ்சூரியர் வழக்கம். 1645-ல் ஹான் சீன ஆண்கள்மீது ஆணையிட்டுத் திணித்தார்கள். மறுத்தவர்களுக்கு மரண தண்டனை.

மாவோ பேரரசரை விரட்டினார் என்பதும் பிழை. கடைசிப் பேரரசரான ஆறு வயதுப் புயியின் பெயரில் முடிதுறப்பு ஆணை வெளியானது 1912 பிப்ரவரி 12 அன்று. மாவோ மக்கள் குடியரசை அறிவித்தது 1949-ல். இடையில் 37 ஆண்டுகள் குடியரசு, படைத்தலைவர்களின் சண்டை, ஜப்பானியப் படையெடுப்பு, உள்நாட்டுப் போர். புயி பிற்காலத்தில் பெய்ஜிங் தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்து, 1967-ல் காலமானார்.

என்னை மிகவும் உறுத்துவது, சீனா எப்போதும் கதவடைத்துக் கிடந்த நாடு என்ற நம்பிக்கை. மிங், சிங் அரசுகள் சில காலங்களில் கடல் வணிகத்துக்குத் தடை போட்டது உண்மை. ஆனால் 1281-லேயே குவான்ஜௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பித் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். 1405 முதல் 1433 வரை தளபதி ஜெங் ஹேயின் கப்பல்கள் ஏழு முறை புறப்பட்டு, ஆப்பிரிக்கக் கரைவரை போயின. எல்லாம் நட்புப் பயணம் அல்ல; இலங்கை அரசர் ஒருவரோடு போரிட்டு, அவரைச் சிறைபிடித்தும் போனார் ஜெங் ஹே.

அதே ஜெங் ஹே கொண்டுவந்த கல் ஒன்று 1911-ல் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. 1409-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய இறைவழிபாட்டுக்கும் பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கைகளை அது வரிசைப்படுத்துகிறது. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது. கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.