ரெண்டு வீதம் தானே என்று விடலாமா?

1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. பரந்தன் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் நம் லயங்களிலும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஓர் அம்மா, சேமலாப நிதிக் காசு கிடைத்த கையோடு பரந்தனில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய் வந்தார். அங்கே ஒருவர், "காசைத் தாங்க அக்கா, நாங்க முதலீடு செய்து பெருக்கித் தாறம். எங்களுக்கு வருசத்துக்கு ரெண்டு வீதம் போதும்" என்றாராம். "ரெண்டு வீதம் தானே ஐயா, குடுக்கலாமா?" என்று எங்களிடம் வந்து கேட்டார்.

கணக்குப் போட்டுக் காட்டினோம். 100,000 ரூபாய், வருசம் 10 வீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருசத்து லாபம் 10,000. அவர்கள் கூலி லாபத்தில் இரண்டு வீதம் அல்ல, மொத்தக் காசில் இரண்டு வீதம். ஆகவே 2,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு! கூலி இல்லாவிட்டால் பத்து வருசத்தில் 259,374 ரூபாய். கூலி போக 8 வீதமே வளர்ந்தால் 215,892. குறைவது 43,482 ரூபாய். நட்டம் வந்த வருசத்திலும் அந்தக் கூலியை எடுப்பார்கள்.

தேசிய சேமிப்பு வங்கியில் நிலையான வைப்புப் போட்டால் இப்படித் தனிக்கூலி இல்லை. சொன்ன வட்டி கிடைக்கும். முதலுக்கும் வட்டிக்கும் அரசாங்கம் பொறுப்பு. அனுமதி பெற்ற மற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைப்புக் காப்புறுதி உண்டு, ஆனால் ஓர் இடத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான்.

யூனிட் ட்ரஸ்ட் என்பது வேறு. பலருடைய காசைச் சேர்த்துப் பங்கிலும் அரசாங்கக் கடன் பத்திரத்திலும் போடுவார்கள். அவர்களின் கூலியைக் கழித்த பிறகுதான் ஒரு யூனிட்டின் விலையைச் சொல்வார்கள். அதனால் அந்தக் கூலி நம் கண்ணில் படாது. சிலவற்றில் சேரும்போதோ விலகும்போதோ தனியாகவும் பிடிப்பார்கள். நல்ல நிதியும் இருக்கிறது, இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வைப்புக் காப்புறுதி இதற்குக் கிடையாது.

அந்தப் பரந்தன்காரரிடம் கேட்கச் சொல்லி மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தோம். எந்த அனுமதிப் பத்திரம்? கூலி மொத்தக் காசிலா, லாபத்திலா? இடையில் காசைத் திருப்பி எடுத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்? 2008 டிசம்பரில் கோல்டன் கீ கம்பனி சரிந்தபோது படித்தவர்கள், வசதியானவர்கள் காசும் முடங்கியது. கூட வட்டி என்றதும் அனுமதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. (நம் ஆட்கள் சீட்டுப் பிடிக்கிறவரிடமும் கேட்பதில்லை, அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.)

அம்மா தம்பிக்குப் போன் எடுத்து, பதிலைத் தாளில் எழுதி அனுப்பச் சொன்னார். தாள் இன்னும் வரவில்லை. காசு சேமிப்பு வங்கியில் கிடக்கிறது.